பாஸ் பாக்ஸுக்குள் ஆடிய இதயத் தசை

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் திருத்தணியில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது. ரயிலிலும் வேனிலும் மஞ்சள் துணியோடு வந்து இறங்குகிறவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் அரோகரா போடுகிறார்கள். தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். பம்பை மேளம் ஒரு பக்கம், அன்னதான அறிவிப்பு ஒரு பக்கம். போன ஆடியில், அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் என் இதயம் முதன்முதலாக ஒழுங்காக வேலை செய்தது. என் நெஞ்சுக்குள் இருப்பதைச் சொல்லவில்லை, அதற்கு ஒரு குறையும் கிடையாது. என் லேப்டாப்புக்குள் இருந்ததைச் சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கை பரபரக்கிறது. எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சென்னையில் ஆய்வு மாணவி. மாணவி என்று சொல்லிக்கொள்ளும் வயதெல்லாம் தாண்டிவிட்டது. மென்பொருள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்க, மறுபடி படிக்கப் போனவள். திருத்தணியில் அக்கா வீட்டு மாடியில் இருந்துகொண்டு வாரத்தில் பாதி நாள் ரயிலேறிப் போய்வருகிறேன். என் ஆய்வு இதயத் தசையைப் பற்றியது, ஆனால் நிஜத் தசை எதையும் நான் தொட்டதில்லை. ஒரு மெல்லிய கீற்றுத் தசை எப்படிச் சுருங்கும், எப்படித் தளரும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓடவிடுவேன். அதை வெளியிலிருந்து அதிரவைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்பேன். "கம்ப்யூட்டர்ல கறிய ஆட்டிகினு இருக்குது" என்று பாவா சொந்தக்காரர்களிடம் சுருக்கமாகச் சொல்லிவிடுவார். பாவா என் அக்கா வீட்டுக்காரர். ஊரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார்.

ஏன் தசை, ஏன் அதிர்வு என்றால், அக்காதான் காரணம். அக்கா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். வருஷா வருஷம் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்துக்கொண்டு படியேறுவாள். நான் பின்னால் மூச்சிரைக்கப் போவேன், அவள் திரும்பிப் பார்த்துக் கேலி செய்வாள். சில வருஷம் முன்னால் பாதிப் படியில் அவளே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது, வாங்கிக்கொண்டே இருந்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "சுருங்கறது நல்லாத்தான் இருக்குதும்மா. சுருங்கினது தளர்றதுதான் லேட்டாகுது. தளர்ந்தாதானே ரத்தம் உள்ள வரும்?" மாத்திரை எழுதிக் கொடுத்தார், படி மட்டும் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு அக்கா காவடிப் பேச்சையே எடுப்பதில்லை. அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

இதயத் தசைக்குள் நூல் நூலாக இரண்டு வகை இழைகள் இருக்கின்றன. அதில் ஒரு வகைக்குக் குட்டிக் குட்டிக் கைகள் உண்டு. சுருங்கச் சொல்லி உத்தரவு வந்ததும் அந்தக் கைகள் பக்கத்து இழையைப் பிடித்து இழுக்கும். உத்தரவு நின்றதும் விட்டுவிட வேண்டும். அக்காவின் இதயத்தில் இருக்கும் அந்தக் கைகள் விடச் சொன்னாலும் சட்டென்று விடுவதில்லை. அவள் குணத்துக்கு இது சரியாகத்தான் இருக்கிறது என்று பாவா ஒரு தடவை சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நெரிசலான அரக்கோணம் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பஸ் மெதுவாக ஒரு வளைவில் சாய்ந்தால் எல்லோரும் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். அதே பஸ் ஜல்லி கொட்டின ரோட்டில் கடகடவென்று உதறினால் பிடி நழுவும். தசையும் கிட்டத்தட்ட அப்படித்தான். தளரத் தொடங்கும் நேரம் பார்த்துச் சின்னதாக, வேகமாக உதறிவிட்டால் கைகள் சீக்கிரம் விட்டுவிடும். அதே உதறலைச் சுருங்கும் நேரத்தில் கொடுத்தால் தசையின் பலம் குறைந்துபோகும். நிஜத் தசையை அதிரவைத்துப் பார்த்தவர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். விநாடிக்கு ஐம்பது உதறல் என்பது அவர்கள் வைத்துப் பார்த்த வேகங்களில் ஒன்று. எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் நிறுத்தினால் நல்லது, உள்ளே அந்தக் கைகளுக்கு என்ன நடக்கிறது என்று கணினியில் பார்ப்பதுதான் என் வேலை.

கணினியில் நான் இரண்டு தசைகள் வைத்திருந்தேன். ஒன்று ஒழுங்காகத் தளர்வது, அதன் பெயர் 'தங்கச்சி'. இன்னொன்றை வேண்டுமென்றே தாமதமாகத் தளரும்படி செய்திருந்தேன், அதன் பெயர் 'அக்கா'. ஒரு நாள் இதை அக்கா பார்த்துவிட்டாள். "நல்லா இருக்கறதுக்கு உம்பேரு, கெட்டுப் போனதுக்கு எம்பேரா? நல்லா இருக்குதுடி உன் நியாயம்" என்று கத்தரிக்கோலைக் காட்டினாள். பெயரை மாற்றவும் விடவில்லை. வைத்தது வைத்ததுதான் என்றுவிட்டாள்.

பிரச்சினை என்னவென்றால், 'அக்கா' எனக்கு அடங்கவில்லை. உதறலே இல்லாமல் ஓடவிட்டால் எதிர்பார்த்த மாதிரி தாமதமாகத் தளர்ந்தது. தளரும் நேரத்தில் உதறினால் சீக்கிரம் தளர வேண்டும் இல்லையா? அது இன்னும் தாமதமாகத் தளர்ந்தது. மாதக்கணக்கில் இதே கதைதான். சுருங்கச் சொல்லி உத்தரவு கொடுப்பது கால்சியம்தான், அதன் சமன்பாட்டைக் கழற்றி மாட்டினேன். கைகள் பிடிக்கும் வேகம், விடும் வேகம், இழையின் விறைப்பு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது, விடை மட்டும் தலைகீழாக வந்தது. கோபத்தில் லேப்டாப்பைப் படாரென்று மூடி மூடி அதன் கீல் தளர்ந்துபோனது. அது மட்டும் நன்றாகத் தளர்ந்தது.

என் கைடு மேடம் கெட்டவர் இல்லை, பொறுமைக்கு ஓர் எல்லை வைத்திருப்பவர், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தன் அறைக்குக் கூப்பிட்டார். "திங்கக்கிழமை கமிட்டி உக்காருது. நிஜத் தசை ஒண்ணு செய்யுது, உங்க மாடல் அதுக்கு நேர் எதிரா செய்யுது. அன்னிக்கும் இப்படியே இருந்தா இந்தத் தலைப்ப மூடிடலாம். ரத்தக் குழாய் வேல ஒண்ணு ரெடியா இருக்கு, அதுல சேந்துக்குங்க" என்றார். ரத்தக் குழாய் நல்ல வேலைதான். ஆனால் அக்காவுக்காக என்று நான் செய்துகொண்டிருந்த ஒரே காரியம் இதுதான். இதையும் மூடிவிட்டால் கம்பெனி வேலையை எதற்கு விட்டேன், எதற்கு இந்த வயதில் புத்தகப் பையைத் தூக்கினேன் என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். திரும்பி வரும் ரயிலில் திருவாலங்காடு தாண்டும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு பசி வந்துவிட்டது, அரக்கோணத்தில் இறங்கி போண்டா வாங்கித் தின்றேன்.

சனிக்கிழமை காலையிலிருந்து மாடியில் உட்கார்ந்து முட்டிமோதியும் ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் அக்கா பாவாவுக்குச் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுத்தனுப்பினாள். "போ, கொஞ்சம் வெளிய காத்து பட்டா மூளைக்கு நல்லது" என்றாள். லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். அதை விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாத நிலைமையில் இருந்தேன்.

பாவாவின் கடையில் அன்றைக்குத் திருவிழாவுக்கான ஸ்பீக்கர் பெட்டிகள் வெளியே வந்திருந்தன. ஆள் உயரத்துக்குப் பெட்டி, அதன் மேல் பெட்டி. கீழே இருக்கும் பெரியதைப் பாஸ் பாக்ஸ் என்பார்கள். தடித்த சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வரும், பக்கத்தில் நின்றால் நெஞ்சு திம் திம்மென்று அடித்துக்கொள்ளும். கேரியரைத் திறந்துகொண்டே பாவா என் மூஞ்சியைப் பார்த்தார்.

"இன்னாமா, கறி இன்னும் வேகலையா?"

"வேகல பாவா. திங்கக்கிழமையோட அடுப்பையே அணைச்சிடறாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். பாதி புரிந்த மாதிரி கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஐம்பது ஐம்பதுன்றியே, அது எப்படித்தான் இருக்கும்? என் பாக்ஸ்ல ஒரு தடவ போடேன், கேக்கறேன்" என்றார்.

இதில் எனக்கு எந்தப் பிரயோஜனமும் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு வேலை கிடைத்ததே என்று உட்கார்ந்தேன். தசையை எவ்வளவு வேகத்தில் உதறுவது என்று நிரலில் எழுதியிருந்த அதே வரியை எடுத்து, அதை ஒரு பாட்டுக் கோப்பு மாதிரி மாற்றினேன். பாவா சோற்றைப் பிசைவதற்குள் முடிந்துவிட்டது. ஒயரை எடுத்துச் சொருகப் போனேன். "ஏய், ஏய், நில்லு!" என்று எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

பாவா கடையில் ஒரு வழக்கம் உண்டு. கிருத்திகைக்காகப் பெட்டிகளை வெளியே எடுத்தால் எலுமிச்சம்பழம் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, முதல் சத்தமாக முருகன் பாட்டு ஒன்றை முழுசாக ஓடவிட வேண்டும். அதற்கு முன்னால் மைக்கில் 'ஹலோ' சொல்வதுகூடக் கூடாது. ஒரு வருஷம் யாரோ அவசரப்பட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டுவிட, அந்தத் திருவிழா முழுக்க ஏதாவது ஒரு பெட்டி கொய்யென்று கத்திக்கொண்டே இருந்ததாம். அதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"பாவா, இது வெறும் அதிர்வு. பாட்டே இல்ல. ஒரு நிமிஷம்தான்."

"எதுவா இருந்தா இன்னா? முதல் சத்தம் அவருக்குத்தான். அப்பால உன் கறிக்கு."

எனக்கு எரிச்சலாக வந்தது. இருக்கிற ஒன்றரை நாளில் ஒரு முழுப் பாட்டு கேட்கவா நேரம் இருக்கிறது? கை கழுவிக்கொண்டு வந்து, நிதானமாகக் கற்பூரம் ஏற்றி, பாட்டைப் போட்டார். முதல் வரியிலேயே என் எரிச்சல் போய்விட்டது. அவ்வளவு சுத்தமான சத்தம். பம்பை ஒலி பாஸ் பாக்ஸிலிருந்து கிளம்பி நேராக வயிற்றில் விழுந்தது. எதிரே டீக்கடையில் நின்றவர்கள் அங்கிருந்தே கும்பிட்டார்கள். பாட்டு முடிந்ததும் பாவா பெட்டியைத் தட்டிக் கொடுத்து, "இப்ப போடு" என்றார்.

போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

சத்தத்தைக் கூட்டினேன், அப்போதும் கேட்கவில்லை. பாவா ஆம்ப்ளிஃபயரில் இன்னும் கொஞ்சம் திருகினார். பெட்டிக்குள்ளிருந்து பொத் பொத்தென்று காற்று மட்டும் வந்தது. முன்னால் இருக்கும் வலைக்குப் பின்னே, ஸ்பீக்கரின் கறுப்புத் தாள் உள்ளே போய் வெளியே வந்து உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. வலையில் பாவா செருகிவைத்திருந்த சாமந்திப்பூ அதோடு சேர்ந்து தலையாட்டியது.

பாவாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போச்சு! பாக்ஸ புகைச்சிட்டியாமா? நாளன்னிக்கு மலையடிவாரத்துல கட்டணும்! இன்னாத்த போட்ட உள்ள?" என்று ஸ்க்ரூ டிரைவரைத் தேடி ஓடினார்.

நான் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஆடுவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. எண்ணக்கூட முடியும்போல் இருந்தது. விநாடிக்கு ஐம்பது தடவை ஆடும் பொருள் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிய வேண்டும், காதுக்குக் கும்மென்று கேட்க வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. இப்போதுதான், என் கண் முன்னால், அதே பெட்டி ஒரு முழுப் பாட்டைக் குறையில்லாமல் பாடி முடித்திருக்கிறது. அந்தப் பாட்டை மட்டும் பாவா போடாமல் விட்டிருந்தால் நானும் பெட்டி மேல்தான் பழியைப் போட்டிருப்பேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பெட்டி நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு கோப்பில். கோப்பு அந்த ஒரே வரி. அந்த வரியைத்தான் இத்தனை மாதமாக நான் தசைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்!

"பாவா, கழட்டாதீங்க! பாக்ஸ் நல்லா இருக்குது! நான்தான் கெட்டுப் போயிருக்கேன்!" என்று கத்தினேன்.

லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ வந்தது. அலைக்கான கணக்கில் ஒரு முழுச் சுற்று என்பது ஒன்று கிடையாது, ஆறேகால் சொச்சம். பிளஸ் டூவிலேயே சொல்லித் தருகிறார்கள். விநாடிக்கு ஐம்பது வேண்டுமென்றால் ஐம்பதை அந்த ஆறேகாலால் பெருக்கிக் கொடுக்க வேண்டும். நான் வெறும் ஐம்பதைக் கொடுத்திருந்தேன். கணினி பாவம், சொன்னதைச் செய்தது. நான் ஐம்பது ஐம்பது என்று மார் தட்டிக்கொண்டிருக்க, அது விநாடிக்கு எட்டு தடவை தசையை மெதுவாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. பஸ் மெதுவாகச் சாய்கிற கணக்கு! கைகள் இன்னும் இறுக்கிப் பிடிக்காமல் வேறென்ன செய்யும்? தசை மேல் ஒரு தப்பும் இல்லை. மாதக்கணக்காக நான் நோயாளியையே சோதித்துக்கொண்டிருந்தேன், கொடுக்கிற மருந்தை ஒரு நாளும் எடுத்துப் பார்க்கவில்லை. சமன்பாடு எழுதிப் பிழைக்கிற எங்கள் கூட்டம்தான் இப்படி ஒரு தப்பைச் செய்யும், அதை இவ்வளவு நாள் மரியாதையாகக் காப்பாற்றியும் வைத்திருக்கும்.

வரியைத் திருத்தினேன். பாஸ் பாக்ஸ் மேலேயே லேப்டாப்பை வைத்து 'அக்கா'வை ஓடவிட்டேன். விடை வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பாவா டீ சொல்லியிருந்தார், அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மறந்துபோனேன். திரையில் முதலில் தசையின் இழுவிசையைக் காட்டும் நீலக் கோடு வந்தது. அது உதறல் இல்லாத அக்கா. மேலே ஏறி, இறங்க மனசில்லாமல் மெதுவாக இறங்கியது. அடுத்து சிவப்புக் கோடு, உதறல் கொடுத்த அக்கா. நீலத்தோடு ஒட்டிக்கொண்டே மேலே ஏறியது. உச்சியைத் தாண்டியது. உதறல் தொடங்கும் இடம் வந்ததும் நீலத்தை விட்டுவிட்டுச் சரசரவென்று கீழே இறங்கிவிட்டது.

நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். பாவா, "ஐயோ, ஷாக்கு! ஷாக்கு!" என்று பாய்ந்து போய் மெயினை அணைத்துவிட்டார். மொத்தக் கடையும் இருட்டாகிவிட்டது. லேப்டாப் திரை மட்டும் எரிந்துகொண்டிருக்க, அதற்கு முன்னால் நான் குதித்துக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார்.

மறுபடி மெயின் போட்டதும் உதறலைச் சுருங்கும் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். பலம் குறைந்தது. குறையத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் சரியாக வந்துவிட்டது! திருத்தின வரியைக் கோப்பாக்கிப் பெட்டியில் போட்டேன். இப்போது கும்மென்று தரையெல்லாம் அதிர ஒரு ரீங்காரம் வந்தது. சாமந்திப்பூ ஆடுவதே தெரியவில்லை, ஓரங்கள் மட்டும் மங்கியிருந்தன. பாவா காதைப் பொத்திக்கொண்டார்.

"அடிப்பாவி, இது ஹம்மு! எர்த் சரியில்லன்னா வருமே, அதே ஹம்மு! இத ஒழிக்கத்தான் நான் காலம்பூரா ஒயரு மாத்திகினு இருக்கேன். இதுக்கா இந்தக் குதி குதிக்கற?"

"இதுக்குத்தான் பாவா!"

சட்டென்று அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப உங்க அக்காவ தினம் சாயங்காலம் இதுக்கு முன்னாடி உக்கார வெச்சிட்டா?" என்றார். ஃபோனைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

"பாவா! வேணவே வேணாம்!" சந்தோஷத்தில் இருந்தவள் அவர் மேல் எரிந்து விழுந்தேன். "பாக்ஸுக்கு அக்கா நெஞ்சு எப்ப சுருங்குது, எப்ப தளருதுன்னு தெரியுமா? இது பாட்டுக்கு ஓயாம அதிரும். பாதி அதிர்வு சுருங்கற நேரத்துல போய் விழும், இருக்கிற பலமும் போயிடும். இது கம்ப்யூட்டர்ல ஒரு கீத்து, அவ்ளோதான். ஆளுங்க மேல வெச்சிப் பாக்கறதுக்கு இல்ல."

ஃபோனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டார். "அவளுக்கு இன்னா செய்யறதுன்னு தெரியாமத்தான் கேட்டேம்மா" என்றார். ஏன் கத்தினோம் என்று ஆகிவிட்டது. அவர் மிச்சம் வைத்திருந்த சோற்றை மறுபடி எடுத்துவைத்துச் சாப்பிடச் சொன்னேன்.

திங்கட்கிழமை கமிட்டி அறையில் என் சிவப்புக் கோட்டைப் பார்த்த மேடம் சிரிக்கவில்லை. "ஒரு தடவ சரியா வந்தா போதாது. நான் சொல்ற இடத்துல உதறல் தொடங்கட்டும்" என்றார். எல்லோருக்கும் முன்னால், உதறல் தொடங்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தச் சொன்னார். நான் நகர்த்த நகர்த்தச் சிவப்புக் கோடு நீலத்தை நோக்கி வந்தது. இன்னும் முன்னால் போனதும் உச்சியே தாழ்ந்துவிட்டது. உதவி எந்த இடத்தில் கெடுதலாக மாறுகிறது என்று அந்த அறையில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த இடத்தை நானே அப்போதுதான் பார்க்கிறேன்.

"தப்ப எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று மேடம் கேட்டார். சாமந்திப்பூ, முருகன் பாட்டு, மெயின் சுவிட்ச் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதுதான் சிரித்தார். "தலைப்பு அப்படியே இருக்கட்டும். இனிமே எத ஓடவிடறதா இருந்தாலும் முதல்ல உங்க பாவா கடைக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார்.

சாயங்கால ரயிலில் என்னால் உட்கார முடியவில்லை. மணவூர் தாண்டின பிறகு கதவருகே போய் நின்றுகொண்டேன். வண்டி தண்டவாள இணைப்புகளில் கடகடவென்று உதறிக்கொண்டு போனது, எனக்கு அதுகூடப் பிடித்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பூக்காரம்மா, "நல்ல சேதியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் ஒரு முழம் மல்லியைக் கிள்ளிக் கொடுத்தார்.

வீட்டுக்குள் நுழையும்போதே சொல்லிக்கொண்டு வந்தேன். அக்கா ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். உதட்டிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "ஆங், சந்தோஷம். அப்ப எனக்கு எப்ப?" என்றாள்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பொய் சொல்ல வரவில்லை. "தெரிலக்கா. இது ஒரு கீத்து தசை, அதுவும் கம்ப்யூட்டர்ல. இதுலருந்து முழு இதயத்துக்குப் போவணும், அப்பால நிஜத்துக்கு. எத்தினி வருஷம் ஆவும்னு தெரில. உனக்கு வருமான்னே தெரில" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவள் இன்னொரு கொக்கி வைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உள்ள கீதே, அதுக்கு எம்பேருதானே?"

"ஆங்."

"இப்ப அது சீக்கிரமா தளருதில்ல? படியேறினா அதுக்கு மூச்சு வாங்குமா?"

"அதுக்கு ஏதுக்கா மூச்சு..."

"கேட்டதுக்கு பதில் சொல்லுடி. வாங்குமா, வாங்காதா?"

"வாங்காது."

"அப்ப கிருத்திகைக்கு அத தூக்கினு நீ படியில வா. நான் வேன்ல வந்து மேல நிக்கறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். கிருத்திகை அன்று காலையில் என் லேப்டாப் பையைச் சுற்றி மஞ்சள் துணி கட்டி, வாரில் சாமந்தி மாலை கோத்து வைத்திருந்தாள். மறு பேச்சு பேச வழியே இல்லை. காவடிகளுக்கு நடுவில் அதைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினேன். அடிவாரத்தில் பெட்டி கட்டியிருந்த பாவா என்னைப் பார்த்துவிட்டார். சும்மா இருப்பாரா? "பக்தர்கள் கொஞ்சம் வழி விடுங்க, லேப்டாப் காவடி வந்துகினு இருக்குது" என்று மைக்கில் சொன்னார். மலை முழுக்க அது கேட்டது. சிலர் சிரித்தார்கள். ஒரு தெலுங்குக் குடும்பம் நிஜமாகவே வழிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பாதிப் படியில், அக்கா அன்று உட்கார்ந்த இடத்தில், நானும் ஒரு நிமிஷம் நின்றேன். கால் கெஞ்சியது. ஆனால் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் அந்தப் படியில் ஏறினதே கிடையாது.

மேலே மஞ்சள் புடவையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அங்கேயே ஓரமாக உட்கார்ந்து, பையைப் பிரித்து லேப்டாப்பைத் திறந்து ஓடவிட்டேன். நீலக் கோடு மெதுவாக இறங்கியது. சிவப்புக் கோடு அதை விட்டுவிட்டுச் சரசரவென்று இறங்கியது. அக்கா குனிந்து பார்த்தாள்.

"மூச்சு வாங்குச்சா?"

"அதுக்கு... வாங்கல. எனக்குத்தான்... வாங்குது."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கையிலிருந்த விபூதியை முதலில் லேப்டாப் மூடிக்கு வைத்துவிட்டு, அப்புறம்தான் என் நெற்றிக்கு வைத்தாள். வைத்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துச் சிரித்து அவளுக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மூச்சு அடங்க நேரம் ஆனது. அதுவரைக்கும் அந்த இன்னொரு அக்காவை நிறுத்தாமல் ஓடவிட்டுக்கொண்டே இருந்தேன்.